மணமகள் அறையில் குடியிருந்தோம்

கொரோனா இரண்டாவது அலை உச்சத்தில் இருந்த கோடைக்காலம் அது. அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு சின்ன போர்ஷனில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். நான், என் கணவர், இரண்டாம் வகுப்புக்குப் போகவேண்டிய எங்கள் மகள். போகவேண்டிய என்று சொல்லக் காரணம், ஒன்றாம் வகுப்பையே அவள் செல்போனில்தான் படித்து முடித்திருந்தாள்.

என் கணவர் ஸ்கூல் வேன் ஓட்டுபவர். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தால் ஸ்கூல் வேனுக்கு என்ன வேலை? முதல் வருடம் அதே வேனில் காய்கறி ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக விற்றார். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தையல் வேலை பார்த்தேன். ஆர்டர் குறைந்ததும் கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் நிறுத்தினார்கள். அதில் நானும் ஒருத்தி.

வாடகை கொடுக்க முடியாத மாதங்களை எல்லாம் ஹவுஸ் ஓனர் எங்கள் அட்வான்ஸில் கழித்துக்கொண்டு வந்தார். நல்ல மனிதர். ஒருநாள்கூடக் குரலை உயர்த்திக் கேட்டதில்லை. ஆனால் பெங்களூரில் வேலை போன அவர் மகன், மனைவி குழந்தைகளோடு திரும்பி வந்தபோது அவர்களுக்கே இடம் போதவில்லை. எங்கள் வாசலில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல், "தப்பா எடுத்துக்காதம்மா" என்றார். எப்படித் தப்பாக எடுத்துக்கொள்வது? அவர் நிலைமையும் எங்கள் நிலைமை மாதிரிதான் இருந்தது.

ஊரடங்கில் வீடு தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். புரோக்கர்கள் போனை எடுக்கமாட்டார்கள். 'டு லெட்' போர்டு தொங்குகிற வீட்டின் கேட்டைத் தொட்டாலே மாடியிலிருந்து, "இப்ப யாரையும் விடறதில்ல" என்று குரல் வரும். புதிதாகக் குடிவருகிறவர்கள் நோயையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று பயம். கொரட்டூர், பாடி என்று சுற்றிச் சுற்றிக் கால் ஓய்ந்ததுதான் மிச்சம். செய்யாறு பக்கம் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போகலாம் என்றால், அங்கே ஒற்றை அறையில் ஐந்து பேர். பஸ்ஸும் ஓடவில்லை.

கடைசியில் வேனிலேயே இருந்துகொள்ளலாம் என்று என் கணவர் சொன்னார். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டால் மூன்று பேர் படுக்கலாம். வண்டியை நிறுத்த மட்டும் ஓர் இடம் வேண்டும். பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தால் போதும். அப்போதுதான் அவருக்கு மண்டபத்தக்கா ஞாபகம் வந்தது.

மண்டபத்தக்கா என்றால் பாடிக்குப் போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபம் வைத்திருக்கும் அம்மாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. மண்டபத்துக்குப் பின்னாலேயே வீடு. முகூர்த்த நாட்களில் கல்யாண வீட்டாரை ஏற்றிக்கொண்டு என் கணவர் அங்கே சவாரி போவதுண்டு. அந்த வட்டாரத்தில் அந்த அம்மாளுக்குக் கறார் பேர்வழி என்று பெயர். பந்தி முடிந்ததும் கரண்டி முதற்கொண்டு எண்ணித்தான் திரும்ப வாங்குவார். ஒரு நாற்காலி கால் உடைந்தாலும் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார். பெண் வீட்டார் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் ஹால் விளக்கை அணைத்துவிடுவார் என்றுகூடச் சொல்வார்கள்.

அவரிடம் போய், "காம்பவுண்டுக்குள்ள வண்டிய நிறுத்திக்கலாமாக்கா?" என்று கேட்டிருக்கிறார் என் கணவர். எதற்கு என்று அவர் கேட்க, இவருக்குப் பொய் வரவில்லை. விஷயத்தைச் சொல்லிவிட்டார். அந்த அக்கா "சரி, நிறுத்திக்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டாராம்.

மறுநாள் காலை நாங்கள் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பழைய ஸ்கூட்டி வந்து நின்றது. முகத்தில் இரண்டு மாஸ்க், அதன் மேல் முந்தானை. மண்டபத்தக்காதான். இறங்கியதும் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமே, பீரோவ வண்டில ஏத்திட்டா நீ எங்க படுப்ப?"

நான் பீரோவின் மேலிருந்து கையை எடுத்தேன்.

"இந்த வெயில்ல தகர வண்டில கொயந்தையப் போட்டு வறுக்கப் போறியா? மண்டபம் ஒரு வருசமா முகூர்த்தமே இல்லாம கெடக்குது. பாதி கொயாயத் தொறக்க ஆளில்லாம துருப்புடிக்குது. எலி பூந்து மேடை நாற்காலியக் கடிச்சிகினு கீது. அங்க வந்து இருங்க. ஆனா பெருக்கித் தொடச்சு சுத்தமா வச்சிக்கணும், சொல்ட்டேன்."

"வாடகை எவ்ளோக்கா?" என்று என் கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எலி இன்னா வாடகையா குடுத்துகினு கீது? வண்டிய எடு நைனா."

அப்படித்தான் நாங்கள் மணமகள் அறைக்குக் குடிபோனோம். கதவில் பித்தளை எழுத்தில் அப்படித்தான் எழுதியிருக்கும். என் கல்யாணம் கோயில் பிராகாரத்தில் நடந்தது. மணமகள் அறை என்ற ஒன்றுக்குள் நான் நுழைந்ததே அன்றுதான். சுவர் முழுக்க ஒரே கண்ணாடி. அதைச் சுற்றி குண்டு பல்புகள். கண்ணாடி ஓரமெல்லாம் வரிசையாக ஸ்டிக்கர் பொட்டுகள். இதுவரை அங்கே உட்கார்ந்து அலங்காரம் செய்துகொண்ட பெண்கள் ஒட்டிவிட்டுப் போனவை. மேஜை இழுப்பறையில் ஹேர்பின்கள். என் மகள் அந்த அறையைப் பார்த்து வாயைப் பிளந்தாள். ஏசி சுவிட்சின் மேல் மட்டும் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. "அத்தத் தொட்டீங்க, கரண்டு பில்லு உங்க தலைல" என்று முதல் நாளே எச்சரிக்கை வந்தது.

மணமகன் அறையில் ஏற்கெனவே ஆள் இருந்தார்கள். கல்யாணச் சமையல் செய்யும் மாஸ்டரும் அவர் மனைவியும். கல்யாணம் இல்லாத ஊரில் கல்யாணச் சமையல்காரருக்கு என்ன வருமானம்? பூந்தமல்லியில் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார்கள். அக்காவைப் பற்றிய ஒரு விஷயத்தை மாஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஊரடங்கில் நின்றுபோன கல்யாணத்துக்கெல்லாம், வாங்கின அட்வான்ஸை அவர் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். "அதான் கையில ஒண்ணுமில்லாம கீறாங்க. வெளிய சொல்ல மாட்டாங்க" என்றார் மாஸ்டர்.

எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் ரேஷன் கடையில் கொடுத்த நிவாரண மளிகைப் பையை ஒன்றாகச் சேர்த்து ஒரே சமையலாகச் செய்தோம். என்னிடம் இருந்த பாத்திரங்கள் எல்லாம் மூட்டைக்குள் இருக்க, முதல் நாள் மண்டபத்துப் பாத்திரத்தில்தான் ரசம் வைத்தார் மாஸ்டர். அங்கே இருந்ததிலேயே சின்னது ஐம்பது பேருக்கானது. அதன் அடியில் எங்கள் ரசம் மழை விட்ட பிறகு தேங்கிய தண்ணீர் போலக் கிடந்தது. பார்த்துப் பார்த்துச் சிரித்தோம். பல மாதங்களுக்குப் பிறகு என் கணவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மதியமானால் மண்டபத்தக்கா ஒரு கிண்ணத்தோடு வருவார். "உப்பு ஒறப்பு சரியா கீதான்னு பாக்கறேன்" என்பார். முதலில் நாங்களும் அப்படியே நம்பினோம். பிறகுதான் அவர் வீட்டு அடுப்பு எரியவில்லை என்று மாஸ்டரின் மனைவி கண்டுபிடித்தார். அதன்பிறகு கிண்ணம் வருவதற்கு முன்பே அவருக்கு ஒரு தட்டு போட்டு வைத்துவிடுவோம். அவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. சாப்பிட்டுவிட்டு, "புளி ஜாஸ்தி" என்று ஏதாவது குறை சொல்லிவிட்டுத்தான் போவார்.

மேடை மேல்தான் செல்போனுக்கு சிக்னல் நன்றாகக் கிடைக்கும். அதனால் என் மகள் மணமக்கள் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பு கேட்பாள். பின்னால் தங்க நிறத்தில் வளைவு. ஒருநாள் அவள் டீச்சர், "என்னம்மா, தினமும் கல்யாணத்துக்கே போயிட்டிருக்கே?" என்று கேட்டுவிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் என் கணவருக்குக் காய்ச்சல் வந்தது. நிவாரணப் பணம் வாங்க வரிசையில் நின்றபோதோ, கொஞ்ச நாள் மூட்டை தூக்கப் போன இடத்திலோ, எங்கே ஒட்டியது என்று தெரியாது. டெஸ்ட் எடுத்தோம். பாசிட்டிவ் என்று செய்தி வந்தது.

என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. நோயை நினைத்து ஒரு பயம். அடுத்து எங்கே போவது என்று இன்னொரு பயம். காய்ச்சல் என்று தெரிந்ததும் சொந்த அண்ணன் தம்பியே கதவைச் சாத்திக்கொண்ட காலம். மகளின் துணிகளை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, அக்கா வீட்டுப் பின்வாசலில் தள்ளியே நின்று கூப்பிட்டேன்.

"அக்கா, அவருக்குப் பாசிட்டிவ்னு வந்துடுச்சு. நாங்க எங்கனா..."

"எங்கனான்னா எங்க?" என்றார். கையில் இருந்த பையைப் பார்த்தார். "மொதல்ல பையக் கீய வை. ஆயிரம் பேரு பந்தி பந்தியா உக்காந்து துன்ன எடம். ஒரு ஆம்பள தனியா இருக்க மாட்டானா? கீய சாப்பாட்டு ஹால்ல படுத்துக்கச் சொல்லு. தனி வாசல் கீது. பாத்ரூம் கீது. கை கய்வ வரிசையா கொயா கீது. எந்தப் பணக்காரன் ஊட்டுல கீது இந்த வசதி?"

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். "அயாத. போய் வேலையப் பாரு" என்று உள்ளே போய்விட்டார்.

விஷயம் தெருவில் பரவ ஒரு நாள் ஆகவில்லை. எதிர் பில்டிங்கிலிருந்து நாலைந்து பேர் கேட் பக்கம் வந்து நின்றார்கள். நான் மாடி ஜன்னலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னாக்கா இது? ஏரியாவே பயந்துகினு கீது. நீங்க யாரையோ இட்டுகினு வந்து உள்ள வச்சிகினு கீறீங்க. எங்களுக்கும் கொயந்த குட்டி கீதுல்ல?"

"இருந்தா ஊட்டுக்குள்ள வச்சிக்கோ. இங்க இன்னாத்துக்கு இட்டுகினு வந்த?" என்றார் அக்கா. "கார்ப்பரேஷன்ல சொல்ட்டேன். வந்து பாத்தாங்க, மருந்து அடிச்சுட்டுப் போனாங்க. ஹால் கதவ சாத்தி கீது. அந்த ஆளு வெளிய வரமாட்டான். அவனத் தொரத்தினா நடுரோட்டுல கீறவன், உங்க ஊட்டு வாசல்லதான் வந்து உக்காருவான். அது ஓகேவா? நீ மொதல்ல அந்த மாஸ்க்க மூக்கு மேல ஏத்து."

முணுமுணுத்துக்கொண்டே கலைந்து போனார்கள். அதில் ஒருவர் சாயங்காலம் ஒரு பை நிறைய சாத்துக்குடி வாங்கி வந்து கேட்டில் மாட்டிவிட்டுப் போனதையும் சொல்லவேண்டும். மனிதர்கள் அப்படித்தான். முதலில் பயம் பேசும்.

அப்பாவைப் பார்க்க முடியாமல் என் மகள் தவித்துப் போனாள். சாப்பாட்டு ஹாலில் ஒரு ஸ்பீக்கர் உண்டு. மேலே முகூர்த்தம் நடந்தால் கீழே சாப்பிடுகிறவர்களுக்கு மேளச் சத்தம் கேட்கவேண்டும் அல்லவா, அதற்காக. மண்டபத்தக்கா தன் இடுப்புச் சாவியால் மைக் அறையைத் திறந்து, மேடை மைக்கை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "பேசு. உங்கப்பனுக்குக் கேக்கும். மைக்கத் தட்டாத, வெல ஜாஸ்தி."

அவள் பேசினாள். அ, ஆவிலிருந்து ஆரம்பித்து வாய்ப்பாடு, பாட்டு, மாஸ்டர் என்ன சமைத்தார் என்பது வரை எல்லாம் பேசினாள். கீழே இருந்து அவர் பதில் பேச வழியில்லை. போனில் பேசினால் மூச்சு வாங்கியது. அதனால் எவர்சில்வர் டம்ளரால் மேஜையில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை. "அப்பா, சாப்டியா?" டங். "அப்பா, மாத்திரை கசக்குதா?" டங். "அப்பா, அழுறியா?" டங், டங். அந்த வெற்று மண்டபத்தில் அந்தச் சத்தம் படியேறி வரும். அது வருகிற வரைக்கும் நான் மூச்சுவிட மாட்டேன்.

ஒருநாள் காலை அவள், "அப்பா, எழுந்துட்டியா?" என்று கேட்டாள். சத்தம் வரவில்லை. மறுபடி கேட்டாள். இல்லை. "அப்பா, விளையாடாத" என்றாள். அவள் குரல் மைக்கில் உடைந்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அவர் பாயில் சுருண்டு கிடந்தார். கண் திறந்துதான் இருந்தது. ஆனால் டம்ளரை எடுக்கும் அளவுக்குக் கையில் தெம்பில்லை. விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே இருந்தது. ஆம்புலன்சுக்குப் போட்டால் லைன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது, வர நேரமாகும் என்றார்கள்.

எங்கள் வேன் காம்பவுண்டில்தான் நின்றது. பின் சீட்டுகளை அன்றைக்குக் கழற்றியது கழற்றியபடி கிடந்தது. மாஸ்டர் ஒரு காலத்தில் பாத்திரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, "ஏத்தும்மா" என்று சாவியை வாங்கினார். எனக்கும் சேர்த்து அவர் பயந்திருப்பார். ஆனாலும் உடனே ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தார். கிளம்பும்போது மண்டபத்தக்கா ஓடிவந்து ஜன்னல் வழியாக ஒரு சுருக்குப் பையை என் மடியில் போட்டார்.

"அக்கா, எவ்ளோ இருக்கு..."

"எண்ணாத. போ. பாப்பா என்னாண்ட இருக்கட்டும்."

அரசு ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சுகளும் ஆட்டோக்களும் வரிசையில் நின்றன. ஒரு நர்ஸ் பெண் எங்கள் வேனுக்குள்ளேயே ஏறி, சிலிண்டரை வைத்து அவர் முகத்தில் மாஸ்க் மாட்டினாள். அவளுக்கு என் தங்கை வயதுகூட இருக்காது. வேனின் உள்பக்கம் ஒட்டியிருந்த பிள்ளைகளின் கார்ட்டூன் ஸ்டிக்கரைப் பார்த்து, "ஸ்கூல் வண்டியாக்கா? சீக்கிரம் ஓட்டுவாரு, பாருங்க" என்றாள். சாயங்காலம் படுக்கை கிடைத்தது. என்னை உள்ளே விடவில்லை.

திரும்பி வந்தபோது மணமகள் அறையிலிருந்து ஒரு புது சத்தம் கேட்டது. கதவைக் கொஞ்சம் திறந்தேன். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. சுவிட்சின் மேலிருந்த கறுப்பு டேப் உரிந்து தரையில் கிடந்தது. என் மகள் கன்னத்தில் கண்ணீர் காய்ந்தபடி மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாற்காலியில் அக்கா உட்கார்ந்து, மாஸ்க்கோடு, கோழித்தூக்கம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"அயுதுகினே கெடந்துச்சு. வேர்த்து ஊத்துச்சு. அதான் போட்டேன். இன்னிக்கு மட்டும்தான்."

என் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் எல்லாம் அந்த ஏசி ஓடியது. தினமும் அக்கா "இன்னிக்கு மட்டும்தான்" என்பார்.

என் கணவர் பிழைத்து வந்தார். பாதி ஆளாகத்தான் வந்தார். வேனிலிருந்து மாஸ்டர் தோளைப் பிடித்து இறங்கியவரைப் பார்த்து மண்டபத்தக்கா சொன்ன முதல் வார்த்தை: "இன்னா நைனா, ஒரு மாலை போட்டா கீய உயுந்துடுவ போல கீது!" சொல்லிவிட்டு வேகமாகப் பின்பக்கம் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்கள் சிவந்து வந்தார்.

பிறகு மெல்ல மெல்ல ஊர் திறந்தது. கல்யாணங்கள் வந்தன, மாஸ்டருக்கு அடுப்பு மூண்டது. சின்ன வகுப்புகள் திறந்ததும் எங்கள் வேனில் மறுபடி சீட்டுகளை மாட்டினோம். பாடியில் ஒரு போர்ஷன் இருப்பதாகக் கேள்விப்பட்டு அக்காவே அந்த ஓனரிடம் போனில் பேசினார். "எங்க ஊட்டு ஆளுங்க. அட்வான்ஸ கொஞ்சம் கொஞ்சமா குடுப்பாங்க. குடுக்கலன்னா என்னைக் கேளு" என்றார். அந்த ஒரு பேச்சில் எங்களுக்கு வீடு கிடைத்தது.

கிளம்புகிற அன்று என் கணவர் சேர்த்து வைத்திருந்த பணத்தை ஒரு தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து நீட்டினார். அக்கா அதைத் தொடக்கூட இல்லை.

"இத்த வச்சிகினு நான் இன்னா பண்றது? பொண்ணு கல்யாணத்த இங்க வையி. அதுக்கும் ஃபுல் வாடகை. ஒத்த ரூபா கொறைக்க மாட்டேன், இப்பவே சொல்ட்டேன்."

என் மகள் இப்போது உயரமாக வளர்ந்துவிட்டாள். நாங்கள் இன்னும் பாடியில் அதே வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். பொங்கல், தீபாவளிக்கு அக்காவைப் போய்ப் பார்ப்போம். போனால் செருப்பை ஒழுங்காக விடவில்லை என்று திட்டு விழும். அந்த நாட்களில் எங்களுக்கு உதவிய எத்தனையோ பேர் உண்டு. பாவம் என்று உச்சுக்கொட்டியபடி கொடுத்தவர்களும் உண்டு, அவர்களுக்கும் என் நன்றி. ஆனால் மண்டபத்தக்கா ஒருநாளும் எங்களைப் பாவம் என்று பார்த்ததில்லை. லைட்டை அணை, குழாயை மூடு, புளி ஜாஸ்தி என்று சொந்தக்காரர்களைத் திட்டுவது போலத் திட்டிக்கொண்டே இருந்தார். அவர் மட்டும் இரக்கப்பட்டு மென்மையாகப் பேசியிருந்தால் நாங்கள் அங்கே அண்டிக் கிடந்தவர்களாகவே இருந்திருப்போம். உரிமையோடு திட்டியதால்தான் அந்தக் கல்யாண மண்டபம் எங்களுக்கு வீடாக இருந்தது என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.